வாடாத பூவுக்கு வாடிக்கை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பேரனைப் பற்றி எழுதியிருந்தார். பள்ளி விடுமுறையில் பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கணினி முன்னால் உட்கார்ந்து "இல்லாத கடையில், இல்லாத சரக்கை, இல்லாத காசுக்கு" விற்றுக்கொண்டிருக்கிறானாம், இந்தக் கூத்தையெல்லாம் அரசாங்கம் தடை செய்யக்கூடாதா என்று கேட்டிருந்தார். அந்த வரியை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன், நல்ல வரி. ஆனால் ஐயா, அதில் உள்ள மூன்று 'இல்லாத'வில் முதல் இரண்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காசு சில இடங்களில் நம் சட்டைப்பைக் காசாக மாறிவிடுகிறது, பயப்பட வேண்டியது அங்கேதான்.

என் வீட்டிலும் ஒரு கடைக்காரன் இருக்கிறான், வயது 14. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டை உங்கள் வாசகர்களில் பலர் பிள்ளைகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருப்பார்கள். எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், மண் தோண்டுவார்கள், மரம் வெட்டுவார்கள், வீடு கட்டுவார்கள். தனியாக விளையாடினால் அதில் இந்த மாதிரிக் கடை கிடையாது. பலர் சேர்ந்து விளையாடும் செர்வர்களில்தான் கடை வரும், அதுவும் செர்வர் நடத்துகிறவர்கள் தனியாக ஒரு நிரலைச் சேர்த்தால்தான். ஒரு பெட்டி, பெட்டியின் முகத்தில் ஒரு பலகை, பலகையில் நான்கு வரி. முதல் வரியில் கடைக்காரர் பெயர், இரண்டாவதில் எத்தனை, மூன்றாவதில் விலை, நான்காவதில் என்ன சரக்கு. அவ்வளவுதான் கடை. மூன்றாவது வரியில் 'பி' என்று ஒரு விலையும் 'எஸ்' என்று ஒரு விலையும் இருக்கும். வருகிறவர் உங்களிடம் வாங்குவது பி விலைக்கு, உங்களிடம் விற்பது எஸ் விலைக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கடைக்காரன் சாப்பாடு. பழைய சங்கிலியைக் கொண்டுபோய் நகைக்கடையில் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன ஆண்டு ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் பையன் முகம் தொங்கிப்போய் இருந்தது. என்னடா என்றேன். கடையில் இரும்பு தீர்ந்துவிட்டதே என்று முந்தின ராத்திரி 16 கட்டிக்கு 9 காசு தருவதாகப் பலகையில் எழுதிவிட்டுத் தூங்கியிருக்கிறான். மூன்று மனை தள்ளி இன்னொருவன் அதே 16 கட்டியை 8 காசுக்கு விற்றுக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. எவனோ ஒரு கெட்டிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக அங்கே 8-க்கு வாங்கி இங்கே 9-க்கு விற்றுத் தள்ளியிருக்கிறான். பெரிய பெட்டியில் 54 அறை, அறைக்கு 64 கட்டி, ஆக மொத்தம் 3,456 கட்டி, 216 தடவை. மகன் கையிலிருந்து போனது 1,944 காசு. அதோடு நின்றதே, அதற்கும் அவன் சாமர்த்தியம் காரணமில்லை, பெட்டி நிரம்பிவிட்டது. அந்தக் கெட்டிக்காரனுக்கு லாபம் 216 காசு. அத்தனை நடை நடந்திருக்கிறானே, அதுவும் உழைப்புதான் என்று நான் சொன்னது அன்றைக்கு வீட்டில் எடுபடவில்லை.

சாயங்காலம் வந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சந்தையில் உள்ள கடைகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றி, யார் எதை என்ன விலைக்கு விற்கிறார்கள், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்குப் பாடத்துக்கு அவன் தானாக நோட்டை எடுத்து நான் பார்த்ததே கிடையாது. இப்போது சொல்லுங்கள், இதை எப்படி இல்லாத கடை என்பது?

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்றால், நான் பூக்கடைக்காரி மகள். ஜார்ஜ்டவுனில் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கம் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் மாலை கட்டி விற்றார், இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். செவ்வந்தி கேமரன் மலையிலிருந்து லாரியில் வரும். மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும், விமானம் தாமதமானால் அன்றைக்கு முழம் என்ன விலை என்று அம்மாவுக்கே தெரியாது, ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நார் நனைத்துக் கொடுத்த பிள்ளைக்கு வியாபாரம் என்றாலே கசந்திருக்க வேண்டும். எனக்கோ, 2000-களின் நடுவில் கல்லூரிக்குப் போகிற வயதில் நாமும் ஒரு கடை போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. போட்டேன், ராக்னராக் ஆன்லைன் என்ற விளையாட்டில்.

அந்தக் காலத்தில் இங்கே சைபர் கஃபேக்குள் நுழைந்தால் நாலு திரையிலாவது அந்த விளையாட்டு ஓடும், நாற்பதைத் தாண்டிய வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கும். எல்லோரும் வாள் வீசவும் மந்திரம் போடவும் ஓடினார்கள், நான் மெர்ச்சண்ட் ஆனேன், அதாவது வியாபாரி. வியாபாரிக்கு ஒரு தள்ளுவண்டி உண்டு, 8,000 எடை தாங்கும், அதையும் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். திறமை ஏற ஏற ஒரே நேரத்தில் 12 வகைச் சரக்கு வரை கடை விரிக்கலாம். விளையாட்டே நடத்துகிற கடைகளில் வியாபாரிக்கு 24 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கும், இதுதான் என் முதல். கெஃபென் என்ற ஊரில் நீலக்கல் ஒன்று 600 ஜெனி, அதுதான் அந்த விளையாட்டின் காசு, எனக்கு 456. அந்தக் கல் பிரீஸ்ட் என்கிற பூசாரி ஆட்டக்காரர்களுக்கு எப்போதும் வேண்டும், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அவர்கள் மந்திர வாசல் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கல் போய்விடும். அவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது. நான் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு புரொன்டேரா நகரத்து வீதியில் வந்து 530 என்று விலை போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர்களுக்குக் கல்லுக்கு 70 மிச்சம், எனக்கு 74 லாபம். அம்மா கோயில் குருக்களுக்குப் பூ கொடுத்தார், மகள் கம்ப்யூட்டர் குருக்களுக்குக் கல் கொடுத்தாள்.

அதில் ஒரு தொல்லை, கடை விரித்தால் ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்கள் கணினியை அணைத்தால் கடையும் மூடிவிடும். அதனால் ராத்திரி ஸ்ட்ரீமிக்ஸ் இணைய இணைப்பை அப்படியே ஓடவிட்டுத் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் படுப்பேன், காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் எத்தனை விற்றது என்று பார்ப்பேன். மாதக் கடைசியில் அப்பா கரண்ட் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார், நான் கழிப்பறைக்குள் போய்விடுவேன். அந்த வீதியில் ஏமாற்று வேலையும் உண்டு. மற்றவர்கள் ஒரு லட்சத்துக்கு விற்கும் சரக்கைப் பத்து லட்சம் என்று ஒரு சைபரைக் கூடப் போட்டு வைத்துவிட்டு, கடைப் பலகையில் 'மலிவு, மலிவு' என்று எழுதியிருப்பார்கள், அவசரத்தில் வாங்குகிறவன் விழுவான். எனக்குத் தெரிந்து விழுந்தவர்கள் இரண்டாவது தடவை விழுந்ததில்லை.

சரி, மகன் கடைக்கு வருகிறேன். இரும்பில் அடிபட்ட பிறகு பையனுக்கு ஒரு ஆசை வந்தது, விலை உயர்ந்த சரக்காக விற்க வேண்டும் என்று. எலைட்ரா என்று ஒன்று இருக்கிறது, பூச்சி இறக்கை மாதிரி, முதுகில் மாட்டிக்கொண்டால் பறக்கலாம். எண்ட் என்கிற தனி உலகத்துக்குப் போய், அங்கே மிதக்கிற கப்பல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஒரு கப்பலுக்கு ஒன்றுதான் இருக்கும். இரண்டு வாரம் அலைந்து நாலைந்து கொண்டுவந்தான். மூன்று நல்ல விலைக்குப் போயிற்று, அப்புறம் ஈ, காக்கா இல்லை. ஏனென்றால் அதோடு 'மென்டிங்' என்ற மந்திரத்தைச் சேர்த்துவிட்டால் தேயத் தேய, விளையாட்டில் சேரும் அனுபவப் புள்ளிகளைக் கொண்டு சரியாகிக்கொள்ளும், தேய்ந்து போவது என்பதே இல்லை. ஒருவன் ஒன்று வாங்கினால் அவன் ஆயுசுக்கும் போதும். பறக்க ஆசைப்பட்ட எல்லோரும் வாங்கி முடித்த அன்று கடை முடிந்தது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் உடனே பிளாஸ்டிக் மாலையைச் சொன்னார். சாமி படத்துக்குப் போடுகிற அந்த மினுமினுப்பு மாலைகள் கடைத்தெருவில் வர ஆரம்பித்த காலத்தில் அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வாங்கி மாட்டினால் அடுத்த தீபாவளிக்குத் துடைத்து மாட்டலாம், பூக்காரி எதற்கு? நான் சின்ன வயதில் ஒரு நாள் விற்காமல் வாடிப்போன சரத்தைப் பார்த்து அழுதபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பூ வாடுதேன்னு அழுவாதடி. அது வாடலன்னா நாளைக்கு யாரு வருவா?"

அதனால் மகனிடம் நான் சொன்னது இதுதான்: இறக்கை விற்காதே, இறக்கை வைத்திருக்கிறவனுக்கு என்ன தீர்ந்து போகிறதோ அதை விற்று வா. அந்த இறக்கையோடு உயரே எழும்பிப் போக வாணம் கொளுத்த வேண்டும், கொளுத்தினால் காலி. ஒரு காகிதமும் ஒரு வெடிமருந்தும் சேர்த்தால் மூன்று வாணம், இன்னும் நீளமாகப் பறக்க மருந்தைக் கூட்ட வேண்டும். காகிதம் கரும்பிலிருந்து வருகிறது, கரும்பு நட்டால் தானே வளரும். மருந்து க்ரீப்பர் என்ற பச்சைப் பிசாசைக் கொன்றால் கிடைக்கும். ஊரில் எலைட்ரா விற்றவர்களெல்லாம் சேர்ந்து இவனுக்கு வாடிக்கை உண்டாக்கிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. 64 வாணம் கொண்ட கட்டு, தினமும் போகிறது, லாபம் சின்னதுதான், ஆனால் நேற்று வாங்கினவனே இன்றைக்கும் வருகிறான்.

விளையாட்டை உருவாக்குகிற நிறுவனங்கள் இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு பெரிய பாடு. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஆட்டக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் ஒரு விற்பனையாளை வேலைக்கு வைக்கலாம், நீங்கள் தூங்கினாலும் அவன் விற்பான். ஆனால் தினமும் அவனுக்குக் கூலி போய்க்கொண்டிருக்கும், கூலிக் காசு தீர்ந்தால் ஆள் சரக்கோடு மறைந்துவிடுவான். அப்போது அதைத் திட்டியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அது வாடகை. வாடகை இல்லையென்றால் ஊர் முழுக்கச் செத்த கடைகளாக நிற்கும். 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் ஆட்டக்காரர் கடை என்று நிறுவனம் ஆரம்பத்தில் எதுவும் செய்து கொடுக்கவில்லை, சனங்களே ஒரு சுரங்கப் பாதைக்குள் கூடி நின்று கூவிக் கூவி விற்றார்கள், நம் பாசார் மாலாம் இரவுச் சந்தை மாதிரி. 2001-இல்தான் அதற்கென்று தனிச் சந்தை கட்டிக் கொடுத்தார்கள்.

ஐஸ்லாந்துக்காரர்கள் 2003-இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் இன்னும் ஒரு படி மேலே. அதில் விண்வெளிக் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான், திரும்பி வராது. 2014 ஜனவரியில் நடந்த ஒரே சண்டையில் அந்த உலகத்திலேயே பெரிய கப்பல்கள் 75 அழிந்தன, நிஜக் காசில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று லட்சம் அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். அத்தனையும் யாரோ தோண்டிய கனிமத்தில் யாரோ செய்து யாரோ விற்ற சரக்கு, மறுபடியும் தோண்டிச் செய்துதான் விற்க வேண்டும். சண்டை போட்டவன் அழுதிருப்பான், கனிமம் விற்றவன் கடையில் விளக்கேற்றியிருப்பான். அந்த நிறுவனம் 2007-இலேயே சம்பளம் கொடுத்து ஒரு பொருளாதார நிபுணரை வைத்துக்கொண்டது. விளையாட்டுதானே என்று அவர்கள் நினைக்கவில்லை.

ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் எல்லோரும் வாங்கி விற்கப் பொதுச் சந்தை ஒன்று 2007-இல் வந்தது. வருஷக்கணக்கில் சரக்கு குவிந்து குவிந்து, அரிய பொருளெல்லாம் அரிசி விலைக்கு வருகிற மாதிரி ஆனதும், அதன் பழைய பதிப்பை நடத்துகிறவர்கள் 2021 கடைசியில் விற்பனைக்கு ஒரு விழுக்காடு வரி போட்டார்கள், பிறகு அதை இரண்டாக்கினார்கள். வரிக் காசின் ஒரு பங்கில் அந்தச் சந்தையிலேயே சரக்கை வாங்கி அழித்துவிடுகிறார்கள்! வாடாத பூவைக் காசு கொடுத்து வாங்கிக் குப்பையில் போடுவது.

நமக்கு இந்தக் கஷ்டம் இல்லை, நமக்குத் தைப்பூசம் இருக்கிறது. பினாங்கில் ரதம் போகிற வழியெல்லாம் மலை மலையாகத் தேங்காய் உடைகிறதே, அதில் உடைந்தது எதுவும் சந்தைக்குத் திரும்பி வராது. குறைத்துக்கொள்ளுங்கள் என்று இங்குள்ள பயனீட்டாளர் சங்கம் பல தடவை கேட்டிருக்கிறது, அது வேறு விவாதம், நான் அதற்குள் போகவில்லை. தேங்காய்க்காரருக்கு அந்த ஒரு வாரம் என்ன வாரம் என்று அவரைக் கேட்டால் தெரியும். விளையாட்டு உருவாக்குகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு தேடுவது இந்த மாதிரி ஒரு தைப்பூசத்தைத்தான்.

சரக்கு மட்டும் வாடினால் போதாது, காசும் எங்கேயாவது போய்ச் செலவாக வேண்டும். இது எனக்கே மகன் செர்வரில்தான் புரிந்தது. அங்கே செர்வர்காரர்களே ஒரு கடை வைத்திருந்தார்கள், அட்மின் கடை என்பார்கள், எவ்வளவு கரும்பு கொண்டுவந்து கொட்டினாலும் நிலையான விலைக்கு வாங்கிக்கொள்ளும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் காசு கிடைக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் வைத்தது. அந்தக் கடையின் கல்லாவுக்கு அடி கிடையாது, காசு ஒன்றுமில்லாததிலிருந்து வருகிறது. பெரிய பையன்கள் நாலு பேர் தானே வெட்டித் தானே சேர்க்கிற கரும்புத் தோட்டம் கட்டினார்கள், தூங்கும்போதும் காசு கொட்டியது. ஒரு மாதத்தில் மகன் 40 காசுக்கு விற்ற வாணக் கட்டு 150-க்குப் போயிற்று. "அம்மா, நான் பணக்காரன்" என்று குதித்தான். அந்த 150-ஐ வைத்து நீ என்ன வாங்குவாய் என்று கேட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வந்தான், எல்லாமே நாலு மடங்கு. பணவீக்கம் என்ற வார்த்தையை அவன் பள்ளியில் படிக்க இன்னும் சில வருஷம் இருக்கிறது.

இனி அந்த மூன்றாவது 'இல்லாத'. இல்லாத காசு என்று நீங்கள் சொன்னது, ஐயா, எப்போதோ பொய்த்துவிட்டது. 2001-இலேயே எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதாரப் பேராசிரியர், எவர்குவெஸ்ட் பொருள்களை நிஜ டாலருக்கு விற்கிறவர்களின் விலைகளை வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் கற்பனை நாட்டின் தலைக்கு வருமானம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் வருகிறது என்று எழுதினார். நிஜக் காசு உள்ளே நுழைந்தால் கடை என்ன ஆகும் என்பதற்கு டியாப்லோ 3 நல்ல உதாரணம். 2012-இல் வெளிவந்த சில வாரங்களில் நிஜப் பணத்துக்கு வாங்கி விற்கிற ஏலச் சந்தையை நிறுவனமே அதில் வைத்தது. பேயைக் கொன்று வாளைத் தேடுவதுதான் விளையாட்டு, வாள்தான் சந்தையில் கிடைக்கிறதே, பேயை எதற்குக் கொல்ல வேண்டும்? இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை, 2014 மார்ச்சில் நிறுவனமே மூடிவிட்டது.

மகனுடைய முதல் கடையும் அப்படித்தான் போயிற்று. இப்போது இருக்கும் செர்வருக்கு முன்னால் வேறொன்றில் இருந்தான். அதை நடத்தியவர்கள், பெயர் வேண்டாம், ஒரு நாள் தங்கள் பக்கத்தில் நிஜ வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, வைரக் கவசம், மந்திர வாள், காசு மூட்டை எல்லாம் விற்க ஆரம்பித்தார்கள். ஆட்டத்தில் அனுகூலம் தருகிற எதையும் இப்படி நிஜக் காசுக்கு விற்கக்கூடாது என்று மைன்கிராஃப்ட் நிறுவனம் 2014-இலேயே செர்வர்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, யார் கேட்டார்கள்? 30 வெள்ளி கொடுத்தவன் கையில் இருப்பது, எங்கள் வீட்டுப் பையன் மூன்று மாதம் சேர்த்ததைவிட அதிகம். இரண்டு வாரத்தில் சந்தையில் பாதிக் கடை காலி. அன்றைக்கு அவன் அழவில்லை, பலகையைக் கழற்றிவிட்டு வந்து சோறு சாப்பிட்டான்.

அதைவிட மோசம், விளையாட்டுக்கு வெளியே நடப்பது. மகனுடைய பள்ளித் தோழன் ஒருவன், வேறொரு விளையாட்டுக்குக் காசு மலிவாகத் தருகிறேன் என்று குறுஞ்செய்தியில் வந்த ஆளுக்கு 80 வெள்ளி அனுப்பினான், அம்மாவின் இ-வாலட்டிலிருந்து. ஆள் அன்றோடு மறைந்தான். பையன் பயந்துபோய் மூன்று நாள் வீட்டில் சொல்லவில்லை, அந்த மூன்று நாளில் காசு எங்கெங்கோ போய்விட்டது. இப்படி நடந்தால் யாரையும் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே வங்கிக்கும் 997-க்கும் அழைக்க வேண்டும், 2022-இல் ஆரம்பித்த தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் அது, தாமதம் ஆக ஆகப் பிடிப்பது கஷ்டம். உங்கள் நாளிதழ் இந்த எண்ணை வாரம் ஒரு முறை முதல் பக்கத்து மூலையில் போட்டாலும் தகும்.

ஆக, தடை போடச் சொல்கிற வாசகரோடு நான் ஒத்துப்போவது இந்த ஓர் இடத்தில்: நிஜக் காசு உள்ளே போகிற கதவைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கார்டு எண் எந்த விளையாட்டிலும் சேமித்து வைக்கப்படவில்லை, விளையாட்டுக் காசை வெள்ளிக்கு வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது. பத்தரை மணிக்கு மேல் கடை திறந்திருக்கலாம், கடைக்காரன் தூங்க வேண்டும். அந்தப் பெட்டிக்கடையின் நல்ல குணமே அதுதான், என் காலத்துத் தள்ளுவண்டி மாதிரி ஆளை ராத்திரி முழுக்கக் கட்டிப்போடுவதில்லை. பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, உங்கள் பேரன் விலை போடத் தெரியாமல் பக்கத்திலேயே காவல் இருக்கிறானோ என்று. ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நேற்று என்ன விற்றாய், யார் வாங்கினார்கள், எது தேங்கி நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் விளையாடினாய் என்ற கேள்விக்கு எந்தப் பையனும் ஒழுங்காகப் பதில் சொல்லமாட்டான், இதற்குச் சொல்வான். நீங்கள் ஆசிரியர், ஒரு கேள்வியில் நாலு பாடம் எடுத்துவிடுவீர்கள்.

போன மாதம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பேரன் தன் கடையைக் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பலகை, பெட்டி, வாணம், பக்கத்துக் கடைகள், எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினான். கடன் கொடுக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். அதெல்லாம் முடியாது பாட்டி, காசு இல்லையென்றால் பெட்டி தராது என்றான். பேரம் பேசுவார்களா? அதுவும் முடியாது. சரி, கொசுறாவது போடுவாயா? அந்த வார்த்தையே அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு முழம் வாங்கினால் கையளவு உதிரிப்பூவை அள்ளி இலையில் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்களே, அது, என்று நான் சொன்னேன். கொசுறு போடாத கடைக்கு எவன் வருவான் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பலகை போட்ட பெட்டியில் கொசுறுக்கு வழி இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைக்குப் பக்கத்தில் விலைப் பலகை இல்லாத, பூட்டும் இல்லாத சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, ஒரு கட்டு வாணமும் கொஞ்சம் ரொட்டியும் போட்டு, 'வாங்கியவர்கள் இரண்டு எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிவைத்தான். முதல் நாள் ராத்திரியே எவனோ ஒருவன் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விட்டான். பாட்டிக்கு போன் போட்டுக் குறை சொன்னான்.

"நம்ம கடையிலயும் அப்படி ஒரு அம்மா உண்டு, வெள்ளிக்கிழமை வருவாங்க" என்றார் அம்மா. "நீ மறுபடி போட்டு வை."

போட்டு வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
பூக்கடைக்காரி மகள்,
பினாங்கு.